தலை உடைந்ததற்குக் கழுத்தையா அறுப்பது?

"தலை போச்சா? அப்ப நெக்கை மாத்திடுங்க சார். ஒட்டறதெல்லாம் வேலைக்கு ஆகாது."

இந்தத் தீர்ப்பை இதுவரை ஐந்து பேர் எனக்கு வழங்கியிருக்கிறார்கள். ஒருவர் சென்னையில் கிட்டார் விற்கிறவர். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிக்கிறவர். மூன்றாமவர் எங்கள் ஆலையின் பராமரிப்புப் பிரிவுக்காரர், ஆயுளில் கிட்டாரைத் தொட்டிராதவர். மற்ற இருவரும் யாரென்று மறந்துவிட்டது. அவர்கள் சொன்ன தொனி மறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் கையை விரிக்கும்போது வருமே, அந்தத் தொனி.

ஐந்து பேர் சொன்னதும் தவறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நியாயம் பேசலாம். தண்டலத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டுப் பேரம்பாக்கம் சாலையில் திரும்பினால் மண்ணூர். ஏரி, வயல், குடோன், தகரக் கூரை ஆலை, மறுபடி வயல் என்று மாறி மாறி வரும் ஊர். கம்பெனி பஸ்களின் நேரத்தை வைத்தே இங்கே பல வீடுகளில் உலை கொதிக்கிறது. நான்கு பேர் தங்கிய வாடகை அறையில் என் கிட்டார் சுவரில் சாய்ந்து நிற்கும். ஓர் இரவு இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வந்த நண்பன், தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாமென்று விளக்கைப் போடாமல் பையைத் தூக்கி மூலையில் போட்டான். நல்ல மனசு. கிட்டார் மல்லாக்க விழுந்தது. சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை, காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு 'டக்'. விளக்கைப் போட்டுப் பார்த்தால் தலை மடங்கிக் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் செய்யவே கூடாத ஒன்றை நான் செய்தேன். மேசை டிராயரிலிருந்து ஃபெவிக்விக்கை எடுத்தேன். அந்தத் தப்பைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

மறுவாரம் கடைக்காரர் கணக்குப் போட்டார். கழுத்தை மாற்ற ரூ.9,000. "அதுக்குப் பதிலா இன்னும் ரெண்டாயிரம் போட்டா புதுசே வாங்கிடலாம் சார்." இங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. 'நெக்கை மாற்று' என்பது ஒரு யோசனையா, 'புதிது வாங்கு' என்பதைப் பக்குவமாகச் சொல்லும் வழியா?

அந்தக் கழுத்து எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கார் கதவு நசுங்கினால் பாகத்தின் எண்ணைச் சொல்லி வரவழைக்கலாம். நாங்கள் இந்தத் தொழில்பட்டையில் அந்தப் பாகங்களைத்தான் செய்கிறோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோவும் ராயல் என்ஃபீல்டும் டெய்ம்லர் லாரியும். இவர்களுக்கெல்லாம் துண்டு துண்டாகச் செய்து கொடுக்கும் சிறு ஆலைகள் மண்ணூரிலிருந்து வல்லம் வரை நிறைந்திருக்கின்றன. பத்தாயிரம் துண்டில் எந்தத் துண்டை எடுத்தாலும் எந்த வண்டியிலும் பொருந்த வேண்டும் என்பதுதான் எங்கள் வேதம். நான் தர ஆய்வில் இருக்கிறவன். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தப்பினாலும் சிவப்புத் தொட்டியில் போடக் கற்றவன். 'உடைந்தால் மாற்று' என்ற சொல் எங்கள் வாயில் இவ்வளவு இயல்பாக வருவதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான். அது தகடுக்கும் பிளாஸ்டிக்குக்கும் சரி. கையால் பொருத்தி ஒட்டிய மரக் கழுத்துக்கு அது பொருந்தாது.

யமஹா 2019இல் தொடங்கிய இந்திய இசைக்கருவி ஆலையும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. எஃப்280 என்கிற அக்கூஸ்டிக் கிட்டார் அங்கே தயாராகிறது. கிட்டார் என்றால் கொல்கத்தாவிலிருந்து வரும் கிவ்சன், இல்லாவிட்டால் கப்பலில் வந்தது என்றிருந்த காலம் போய், நம் ஊர்ப் பிள்ளைகள் கைபட்ட கிட்டார் நாடெங்கும் போகிறது. பெருமைதான். ஆனால் ஆலையில் பிறந்தது என்பதாலேயே கிட்டார் கார் கதவாகிவிடாது. பல அக்கூஸ்டிக் கிட்டார்களில் கழுத்தின் அடியைப் புறாவின் வால்போல விரிந்த கழுந்தாகச் செதுக்கி, உடலில் அதற்கேற்ற குழி வெட்டிச் செருகி ஒட்டுகிறார்கள். அதைக் கழற்ற வேண்டுமானால் உடலும் கழுத்தும் சேரும் இடத்துக்கு மேல் இருக்கும் ஃபிரெட் என்கிற குறுக்குக் கம்பியைப் பிடுங்கி, அங்கே துளையிட்டு, உள்ளே நீராவி செலுத்தி, பசை இளகும்வரை காத்திருந்து ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். புதுக் கழுத்தைச் செருகும்போது கோணம் அரை டிகிரி பிசகினாலும் கம்பி ஃபிரெட்டைவிட்டு எம்பி நிற்கும், விரல் வலிக்கும், சுருதி சேராது. இது பாகம் மாற்றுகிற வேலையா? பாதிக் கிட்டாரைப் புதிதாகச் செய்கிற வேலை. முறிந்ததோ உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விரிசல்.

இந்த 'மாற்று' மந்திரம் கிட்டார் உலகத்துக்குள் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. பழுது பார்க்கத் தெரியும். 1950இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த மின் கிட்டாரில் கழுத்து நான்கு திருகுகளால் உடலோடு முடுக்கப்பட்டிருந்தது. தலையும் பின்னால் சாயாமல் கழுத்தோடு ஒரே மட்டத்தில் இருந்தது. கழுத்து வீணானால் நான்கு திருகைக் கழற்று, வேறொன்றை மாட்டு. ரேடியோவில் வால்வு மாற்றுவது போல. மாற்றுவதற்கென்றே பிறந்த கழுத்து அது, அதை மாற்றுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. உங்கள் கிட்டாரின் முதுகில் நான்கு திருகுகளும் ஓர் உலோகத் தகடும் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு ஒரு திருப்புளி தேடலாம்.

வேடிக்கை என்னவென்றால், அப்படிப்பட்ட கிட்டாரின் தலை எளிதில் முறிவதில்லை. முறிகிற தலைகளில் பெரும்பாலானவை பின்பக்கம் சாய்ந்த தலைகள். கிப்சன் நிறுவனம் 1952இல் கொண்டுவந்த லெஸ் பால் இதற்குப் பேர்போனது. அதன் தலை 17 டிகிரி சாய்வு. கழுத்தும் தலையும் ஒரே மகாகனிப் பலகையில் அறுத்தவை. விறகு பிளந்தவருக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். நாரோட்டத்தோடு கோடாரி விழுந்தால் கட்டை வாய் பிளக்கும், குறுக்கே விழுந்தால் கோடாரி திரும்பி வரும். பலகையில் நார் நேராக ஓட, தலை மட்டும் சாய்வாக வெட்டப்படும்போது அந்த இடத்தில் நார்கள் கட்டையாக அறுபட்டு நிற்கின்றன. போதாததற்கு, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை, அதாவது டிரஸ் ராடை, முடுக்குவதற்காக அதே இடத்தில் குழி தோண்டியிருக்கிறார்கள். மேலே குழி, கீழே வழித்து மெலிந்த முதுகு, நடுவில் மிஞ்சுவது கொஞ்சம் மரம். அதன் முனையில் ஆறு இரும்பு முறுக்காணிகளின் கனம். விழும்போது உடல் தரையில் நின்றுவிடும், தலை நிற்காமல் இன்னும் கொஞ்சம் போகப் பார்க்கும்.

கிப்சனுக்கே இது தெரியும். 1970களில் அந்த இடத்தில் முதுகுப்பக்கம் சின்னத் திமில் போல மரத்தை விட்டுப் பார்த்தது. வாங்குகிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. திமில் போய்விட்டது, முறிவு நிலைத்துவிட்டது.

இப்போது அந்த ஐந்து பேரின் வாதத்துக்கு வருகிறேன். "ஒருமுறை உடைஞ்சது மறுபடி உடையும்" என்பது அவர்கள் எல்லோரும் கடைசியில் போய் நிற்கும் இடம். சரி, ரூ.9,000 கொடுத்துப் புதுக் கழுத்து போடுகிறோம். அதன் தலையும் அதே கோணத்தில் சாய்ந்திருக்கும். அங்கேயும் அதே குழி, அதே கட்டை நார். மறுபடி கீழே விழுந்தால் அது மட்டும் ரப்பராகி வளையுமா? பலவீனம் வடிவத்தில் இருக்கிறது. பழுது பார்த்தவர் முறிந்த இடத்தின் முதுகில் குறுக்கே இரண்டு காடி வெட்டிப் பட்டை வைத்து ஒட்டினால், அந்த வடிவத்தின் குறையைக் கொஞ்சமாவது சரிசெய்கிறார். புதுக் கழுத்து அந்தக் குறையைப் புத்தம் புதிதாகத் திரும்பக் கொண்டுவருகிறது.

"பசையை நம்ப முடியாது" என்று பராமரிப்புப் பிரிவு நண்பர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பைக்கில் வீட்டுக்குப் போகிறவர். டிஸ்க் பிரேக்கின் பட்டையில், உராயும் பொருள் இரும்புத் தகட்டோடு பசையால் பிணைக்கப்பட்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் அவர் பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் உயிரைப் பசையிடம்தான் ஒப்படைக்கிறார். இங்கே கோக்கப்படும் கார்களின் முன்கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் உடலோடு ஒட்டப்படுகிறது. அது வெறும் காற்றுத் தடுப்பு இல்லை, வண்டி உருளும்போது கூரைக்கு முட்டுக்கொடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. சட்டைப்பையில் இருக்கும் செல்போனைத் திறந்தால் பேட்டரி பசையில் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தொழில்பட்டையே பசையில் நிற்கிறது. கிட்டார் என்றதும் மட்டும் பசைமேல் நம்பிக்கை போய்விடுகிறது.

கணக்கையும் பார்த்துவிடலாம். சாதாரண இரும்புக் கம்பி பூட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரைச் சுருதி சேர்த்தால் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 73 கிலோ. ஒன்றரை சிமெண்ட் மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் பயம் வரும். ஆனால் தலை முறியும்போது பெரும்பாலும் நாரோட்டத்தோடு நீளமாகச் சாய்ந்து பிளக்கிறது. அந்தப் பிளவின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோகூட வரவில்லை. வளைக்கும் விசை தனியாக உண்டு, மறைக்கவில்லை. அதற்காக இதைப் பல மடங்காக்கிக்கொள்ளுங்கள். டைட்பாண்ட் என்கிற மஞ்சள் மரப்பசைக்கு அதன் தயாரிப்பாளர் தரும் பலம் சதுர அங்குலத்துக்கு 3,600 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 250 கிலோ. மகாகனியில் நாரும் நாரும் வழுக்கிப் பிரிய அதில் பாதிகூடத் தேவையில்லை. ஒட்டிய மரத்தை முறித்துச் சோதிப்பவர்கள் திரும்பத் திரும்பக் காண்பதும் இதுதான்: ஒட்டு நிற்கும், பக்கத்து மரம் கிழியும்.

உடையாமலேயே ஒட்டிய தலைகள் இதைவிட நல்ல சாட்சி. இன்று உலகச் சந்தையில் விற்கும் கிட்டார்களில் ஏராளமானவற்றுக்குத் தலை தனித் துண்டு. கழுத்துப் பலகையைச் சாய்வாக அறுத்து, துண்டைப் புரட்டி, சாய்வோடு சாய்வு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். மரமும் மிச்சம், நார் தலைக்குள் நேராக ஓடுவதால் பலமும் கூடுதல். உங்கள் கிட்டாரைப் புரட்டி, முதல் இரண்டு ஃபிரெட்டுக்குப் பின்னால் வெளிச்சத்தில் பாருங்கள், மெல்லிய சாய்கோடு தெரியலாம். அப்படித் தெரிந்தால் அது வாங்கிய அன்றைக்கே 'தலை ஒட்டிய' கிட்டார். ஆலை ஒட்டினால் நுட்பம், ஆசாரி ஒட்டினால் கோளாறு என்பது எந்த ஊர் நியாயம்?

"சத்தம் போயிடும்" என்றார் ஆராதனைக்காரர். இசைக்கிறவர் என்பதால் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். 1737இல் இறந்த ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களை உலகத்தின் உச்சிக் கலைஞர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். அவற்றில் ஏறத்தாழ எதிலும் அவர் வைத்த கழுத்து அப்படியே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கச்சேரி மண்டபங்கள் பெரிதானபோது கம்பியின் இழுவையைக் கூட்ட வேண்டியிருந்தது, கழுத்து நீளமாகவும் சாய்வாகவும் வேண்டியிருந்தது. பழுது பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? கழுத்தை மாற்றினார்கள். ஆனால் அவர் கையால் செதுக்கிய சுருள் தலையை வெட்டியெடுத்துப் புதுக் கழுத்தின் நுனியில் ஒட்டினார்கள். ஒட்டு விழுந்த இடம் முறுக்காணிகள் நிற்கும் பெட்டி, கம்பிகள் முறுக்கிக்கொண்டு நிற்கும் அதே இடம். கோடிக்கணக்கில் ஏலம் போகிற அந்த வயலின்கள் நூறாண்டுக்கு மேலாகத் தலை ஒட்டிய வயலின்களாகவே பாடிக்கொண்டிருக்கின்றன. 'மாற்று' கட்சிக்காரர்கள் இதையும் தங்கள் பக்கம் இழுக்கலாம், "பார்த்தீர்களா, கழுத்தை மாற்றியிருக்கிறார்கள்" என்று. மாற்றினார்கள்தான். தேவை மாறியதால் மாற்றினார்கள், உடைந்ததால் மாற்றவில்லை. அப்போதும் தலையைக் காப்பாற்றி ஒட்டினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலா மரத்தில் குடம், தண்டி, யாளி மூன்றையும் ஒரே கட்டையில் குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்கு மவுசும் விலையும் அதிகம், அதை நான் மறுக்கவில்லை. ஒரு கட்டையில் ஒரு வீணையைக் காண்பது ஒரு தவம். ஆனால் வீட்டுப் பிள்ளைகள் சரளி வரிசை படித்ததில் தொடங்கி எத்தனையோ மேடைகள்வரை ஒட்டு வீணைகள் வேலை செய்திருக்கின்றன. "இது ஒட்டு, சுருதி நிற்காது" என்று எந்த ஆசிரியரும் மாணவரைத் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை. நம் ஊர்த் தச்சருக்கு மரத்தோடு மரம் சேர்வது அவமானமாக இருந்ததே இல்லை. ஃபெவிகால் வருவதற்கு முன் வச்சிரம் காய்ச்சித்தான் ஒட்டினார்கள், தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுத்த பசை. அந்த நாற்றத்தை நினைவுவைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

"ஒட்டினா விலை போகாது" என்றும் கடைக்காரர் சொன்னார், அதில் மட்டும் பாதி உண்மை. தலை ஒட்டிய பழைய கிப்சனுக்குச் சந்தையில் விலை பாதியளவுக்குக்கூட இறங்கும். ஆனால் கழுத்தே மாற்றிய பழைய கிட்டாருக்கு என்ன மரியாதை என்று அவர் சொல்லவில்லை. அதுவும் அடிபடும், அசல் போய்விட்டதல்லவா. தவிர, இது வாசிக்கிறவரின் கணக்கில்லை, விற்கிறவரின் கணக்கு. மண்ணூர், தண்டலம், சுங்குவார்சத்திரம் அறைகளில் இருக்கும் பத்தாயிரம் ரூபாய்க் கிட்டாருக்கு மறுவிற்பனை விலை என்று ஒன்று இருப்பதாக நினைப்பதே தமாஷ். அதை விற்கப்போகிறோமா? ஊருக்குப் போகும்போது தம்பிக்குக் கொடுப்போம்.

இதே பட்டையில் இன்னொரு காட்சியும் தினம் நடக்கிறது. பழைய புல்லட் வைத்திருப்பவர் சிலிண்டர் தேய்ந்துவிட்டால் லேத்துக்குக் கொண்டுபோய் போர் போட்டு, பெரிய பிஸ்டன் வைத்து ஓட்டுகிறார். முறிந்த பிராக்கெட்டை வெல்டு வைத்துச் சேர்க்கிறார். "இது இரும்பு இன்ஜின் சார், இப்பல்லாம் கிடைக்காது" என்று தடவிக் கொடுக்கிறார். யாரும் அவரிடம் போய், "இன்ஜினையே மாத்திடுங்க" என்று சொல்வதில்லை, சொன்னால் உதை விழும். பழுது பார்த்த இரும்புக்குக் கிடைக்கும் மரியாதையைப் பழுது பார்த்த மரத்துக்கும் கேட்கிறேன். அவ்வளவுதான்.

என் கிட்டார் என்ன ஆனது? நிலை, கதவு செய்யும் ஆசாரி ஒருவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கிறார். எடுத்துப்போய் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முறிவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல ஏற்கெனவே எவன் கை வெச்சான்?"

"நான்தாண்ணே."

"ஃபெவிக்விக்கா?"

தலையாட்டினேன்.

"உடைஞ்சது உன் தப்பில்ல தம்பி. இது உன் தப்பு."

அவர் சொன்னது முழுக்க சரி. புதிதாக முறிந்த மரத்தில் ஒவ்வொரு நாரும் தன் ஜோடியைத் தேடி நிற்கிறது. அழுத்தினால் சாவி பூட்டில் உட்காருவது போல உட்காரும், கோடுகூடத் தெரியாது. ஃபெவிக்விக் அந்த நார்கள் சரியாக உட்காருவதற்குள் சில நொடிகளில் இறுகிவிடும், இறுகியதும் கண்ணாடிபோல நொறுங்கும். அதைவிட மோசம், மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடுவதால் அடுத்துப் போடும் நல்ல பசை உள்ளே இறங்காது. அசிட்டோனும் கத்தி முனையுமாக அவர் அதைச் சுரண்டி எடுக்க ஒரு மதியம் ஆயிற்று. கொஞ்சம் நாரும் கூடவே போய்விட்டது. அதனால்தான் என் கிட்டாரில் இன்று கோடு தெரிகிறது.

அவர் வழக்கம்போல ஃபெவிகால் டப்பாவை எடுத்தார். அங்கே மட்டும் நான் குறுக்கிட்டேன். கதவுக்கு அது போதும், கதவை யாரும் 73 கிலோ போட்டு இரவும் பகலும் இழுப்பதில்லை. சாதாரண வெள்ளைப் பசை ஓயாத இழுவையிலும் சூட்டிலும் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். நம் ஊர் மே மாதத்தில் பூட்டிய காருக்குள் கிட்டாரை வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கையோடு கொண்டுபோயிருந்த மஞ்சள் பசையை நீட்டினேன். மோந்து பார்த்து, விரலில் தேய்த்துப் பார்த்து, "ம், கொழகொழன்னு இல்ல, பரவால்ல" என்றார். டிரஸ் ராடின் முடுக்கில் பசை இறங்காமல் மெழுகு தடவினார். கழுத்தின் முதுகு வளைவுக்கு ஏற்ப ஒரு கட்டையைக் குடைந்து, சைக்கிள் டியூப் வைத்து, இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினார். ஈரத் துணியால் வழிந்ததைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு இதே நேரம் வரைக்கும் தொடாதே" என்றார்.

மறுநாள் முதுகில் காடி வெட்டும் பேச்சு வந்தது. அவர் முதலில் தேக்கு எடுத்தார், பிறகு அவரே கீழே வைத்தார். தேக்கில் எண்ணெய் இருக்கும், பசை முரண்டு பிடிக்கும். பழைய வீட்டுக் கதவொன்றிலிருந்து வந்த பலாத் துண்டைத் தேடியெடுத்தார். மஞ்சள் நிறம் பளிச்சென்று தெரியுமே என்று நான் இழுத்தேன். "தெரியட்டும். வீணைக்குப் போடற மரம் தம்பி, உன் கிட்டாருக்கு ஆகாதா?" என்றார். இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். கூலி ரூ.700. பேரம் பேச வெட்கமாக இருந்தது.

எல்லா முறிவையும் ஒட்டலாம் என்று நான் சொல்லவில்லை. நார் நீளமாகப் பிளக்காமல் முள்ளங்கி ஒடிந்த மாதிரி குறுக்கே சப்பையாக முறிந்திருந்தால் வெறும் பசை நிற்காது, பட்டை வைக்காமல் தொடக்கூடாது. துண்டுகள் தொலைந்து, மூன்று முறை மூன்று பேர் மூன்று பசையால் ஒட்டிக் கெடுத்திருந்தால் புதுத் தலையையே சாய்வொட்டாகச் சேர்ப்பது நல்லது. அப்போதும் கழுத்து பிழைக்கிறது. கரையான் தின்றது, டிரஸ் ராடே அறுந்தது, கழுத்து முறுக்கிக்கொண்டது என்றால் மாற்றுங்கள், நானே கூட வருகிறேன். ஆனால் பெரும்பாலான தலைமுறிவுகள் இந்த ரகம் இல்லை என்று பழுது பார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விற்பவர்களைக் கேட்காதீர்கள்.

ஆகவே, உங்கள் வீட்டிலோ அறையிலோ கிட்டார் விழுந்து தலை முறிந்தால் முதல் வேலையாகக் கம்பிகளைத் தளர்த்துங்கள். முறிந்த முகங்களைத் தொடாதீர்கள், சேர்த்துச் சேர்த்துப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் நார் மழுங்கும். தரையில் சிதறிய சிலாம்புகளைக் கடுகளவு இருந்தாலும் பொறுக்கி ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மரம் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள், அவர் கிட்டார்க்காரராக இருக்க வேண்டுமென்றுகூட இல்லை. ஃபெவிக்விக்கை மட்டும் அன்றிரவு வீட்டில் வேறு யாராவது எடுத்து ஒளித்துவைக்கட்டும்.